இந்தப்பக்கத்துக் காய்ச்சல்

ஜனவரி 9, வியாழன்

உரக்கடைக்காரர் குடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் யூரியா விளம்பரம். அம்மா இதுல பால் வரவு எழுதலாம்னு எடுத்து வெச்சிருந்தாங்க, நான் பிடுங்கிக்கிட்டேன். ஆபீசுக்கு எழுதுற ரிப்போர்ட்டுல கோபத்துக்கு இடம் கிடையாது. எங்கயாவது கொட்டணும்ல.

முதல் பக்கத்துல பேர், தொழில், முகவரின்னு கட்டம் போட்டிருக்கு. நிரப்பிட்டேன். பேர், புஷ்பவேணி. தொழில், உண்ணி பிடிக்கிறது. முகவரி, செம்பாலை எஸ்டேட், நாலாம் டிவிஷன், லைன் வீடு.

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். விலங்கியல் படிச்சுட்டு நான் செய்யுற வேலை அதுதான். ஒரு வெள்ளைத் துணியைக் கம்புல கட்டி, காட்டுச் சருகு மேல இழுத்துக்கிட்டே நடக்கணும். ஏதோ மிருகம் போகுதுன்னு நெனச்சு உண்ணிங்க துணியில தொத்திக்கும். இடுக்கியால எடுத்துக் குப்பியில போட்டு ஷெரின் மேடத்துக்கு அனுப்பணும். மேடம் ஓடைக்கு அந்தப்பக்கம், மலையாளம் பேசுற ஊர்ல, ஆராய்ச்சி நிலையத்துல டாக்டர். காடு ஒண்ணுதான், உண்ணியும் ஒண்ணுதான். முட்டியளவு தண்ணி ஓடுற அந்த ஓடைதான் மாநில எல்லை. ரெண்டு பக்கமும் உண்ணி பிடிக்கலாம்னு எங்களுக்கு அனுமதி இருக்கு. குரங்கைத் தொட அனுமதி இல்ல.

குரங்கு ஏன்னா, நாங்க தேடுறது குரங்கு காய்ச்சல். கிருமி இருக்குற உண்ணி கடிச்சா குரங்கு சாகும். செத்த உடம்பு ஆறினதும் அதுமேல இருக்குற உண்ணியெல்லாம் இறங்கி அடுத்த ரத்தத்தைத் தேடும். இந்தக் காட்டுல அடுத்த ரத்தம் யாரு? கொளுந்து பறிச்சுட்டு விறகுக்குப் போற எங்க லைன் வீட்டுப் பொம்பளைங்கதான். அந்தப்பக்கம் போன வருஷமே காய்ச்சல் கண்டுபிடிச்சுட்டாங்க. காட்டுக்குப் போறவங்களுக்கு உண்ணி விரட்டுற எண்ணெய் குடுக்கறாங்க, வீடு வீடா வந்து காய்ச்சல் பாக்கறாங்க. இந்தப்பக்கம் ஒண்ணும் கிடையாது. கேட்டா, "இங்க கேஸே இல்லையேம்மா."

கேஸ் எப்படி இருக்கும்? டிசம்பர்ல எங்க பக்கத்து வீட்டு மாரித்துரை அண்ணன் காய்ச்சல்ல படுத்து, ஈறுல ரத்தம் வந்து, கிட்டக்க இருக்குன்னு அந்தப்பக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ரெண்டாம் நாள் போயிட்டாரு. அங்க கேட்டா, "ஆளு உங்க ஊரு." இங்க கேட்டா, "செத்தது அந்த ஊரு." பொண்டாட்டியும் பிள்ளைங்களும் இருந்த மனுஷன், எந்தக் கணக்குலயும் இல்லாம போயிட்டாரு.

இன்னிக்கு ஓடைக்கு இந்தப்பக்கம், எல்லைக்கல்லுக்குக் கொஞ்சம் கீழ, ஒரு நாட்டுக் குரங்கு செத்துக் கிடந்துச்சு. காயம் இல்ல. மூக்குல காஞ்ச ரத்தம். போட்டோ எடுத்து ரேஞ்ச் ஆபீசுக்கு அனுப்பினேன். நாளைக்கு கால்நடை டாக்டரோட வர்றோம்னு சொன்னாங்க. ஒரு வழியா மாட்டிக்கிச்சு. இனி எப்படித் தட்டிக் கழிக்கறாங்கன்னு பாக்கறேன்.


ஜனவரி 10, வெள்ளி

தட்டிக் கழிச்சுட்டாங்க.

காலையில வனக்காவலர் சிவனாண்டியோட போனா, குரங்கு ஓடைக்கு அந்தக்கரையில கிடக்கு. சருகு மேல இழுத்துட்டுப் போன தடம் பட்டவர்த்தனமா தெரியுது.

"மேடம், எல்லை தாண்டிக் கிடக்கே. நம்ம கையில இல்ல"ன்னாரு சிவனாண்டி.

"நேத்து இங்கதானய்யா கிடந்துச்சு!"

"செத்தது எப்படி மேடம் தாண்டும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்!"

போட்டோவைக் காட்டினேன். போட்டோவுல எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். யார் காதுல பூ சுத்துறாரு? அவர் முகத்தைப் பாத்தா பாவமாவும் இருந்துச்சு. பூட்சுல ஈரம் காயலை. மேல இருந்து ஒரு போன் வந்திருக்கும், மனுஷன் ராத்திரியே டார்ச் எடுத்துட்டு வந்திருப்பாரு.


ஜனவரி 11, சனி

குரங்கு திரும்பி வந்துருச்சு. அந்தப்பக்கத்து ஆளுங்க சும்மா இருப்பாங்களா? எல்லைக்கல்லுக்கு இந்தப்பக்கம், கல்லுல சாய்ச்சு உக்கார வெச்ச மாதிரி கிடந்துச்சு. உயிரோட இருந்தப்பகூட அது இத்தனை தடவை எல்லை தாண்டியிருக்காது. கால்நடை டாக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டு, அழுகிப் போச்சு, இனி இதுல எதுவும் பாக்க முடியாதுன்னுட்டாரு. குழி தோண்டிப் புதைச்சாங்க. எந்தப்பக்கம்னு கேக்காதீங்க, எனக்கு வாயில நல்ல வார்த்தை வராது.

வீட்டுக்கு வந்தா செல்லக்கிளி மதினி தலையில விறகுக் கட்டோட வர்றாங்க. என் அண்ணன் பொண்டாட்டி. கொளுந்து எடுத்து முடிச்சதும் நேரா காட்டுக்கு. பாத்ததும் எனக்குப் பத்திக்கிச்சு.

"எத்தனை தடவை சொல்றது மதினி? அந்த ஓடைப் பக்கம் போகாதீங்கன்னு!"

"எஸ்டேட்டுல விறகு குடுக்கறதை நிறுத்திட்டான். ஒத்தை சிலிண்டரை வெச்சு ஆறு பேருக்கு ஆக்கிப் போடு பாப்போம். இந்தக் குளிர்ல வெந்நி இல்லாம உங்கம்மா குளிப்பாங்களா? நீ உன் துணியை இழு தாயி, நான் என் விறகை இழுக்கறேன்."

போன மாசம் மேடம் குடுத்த எண்ணெய் ரெண்டு பாட்டிலை மதினிக்குத்தான் குடுத்தேன். அதை லைன்ல இருக்குற பொம்பளைங்க எல்லாருக்கும் பங்கு வெச்சு நாலே நாள்ல தீத்துட்டாங்க. அவங்களைத் திட்டவும் முடியலை.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நல்லா பொங்குச்சு. அடுப்புல எரிஞ்சது அந்த ஓடைக்கரை விறகு.


ஜனவரி 18, சனி

இன்னிக்கு எழுதாம தூங்க மாட்டேன்.

மத்தியானம் மாரியம்மன் கோயில் பக்கத்துல இருக்குற சவுக்கு மரத்துல இருந்து ஒரு ஆண் குரங்கு பொத்துனு விழுந்து செத்துருச்சு. கோயில் வாசல்ல, அதுவும் சனிக்கிழமை. கேக்கணுமா? நான் துணியைச் சுருட்டிக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள வாழையிலை விரிச்சுப் படுக்க வெச்சாச்சு. நெத்தியில சந்தனம், குங்குமம். கழுத்துல வெத்தலை மாலை. சிவப்புப் பட்டு போத்தித் தப்பு அடிக்க ஆரம்பிச்சாச்சு. ஆஞ்சநேயரே வந்து உயிரை விட்டிருக்காருன்னு லைன் மொத்தமும் கூடி நிக்குது. பொம்பளைங்க காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. பிள்ளைங்களையும் தொடச் சொல்றாங்க.

"தொடாதீங்க!"ன்னு கத்தின கத்துல தப்பு நின்னுருச்சு.

"எட்ட நில்லுங்க எல்லாரும்! அது மேல இருக்குற உண்ணி இப்பத்தான் இறங்கிட்டிருக்கும். மாரித்துரை அண்ணன் எப்படிப் போனாருன்னு மறந்துட்டீங்களா?"

பூசாரி வேலாயுதம் அண்ணனுக்கு முகம் சிவந்துருச்சு. "அதுக்கு? ஆஞ்சநேயரை நாய் மாதிரி இழுத்துப் போடச் சொல்றியா? நீ படிச்சவ. உனக்கு அது குரங்கு. எங்களுக்குச் சாமி."

சுருக்குன்னுச்சு. போன வாரம் அதிகாரிங்க ஒரு குரங்கை இழுத்து இழுத்து அழுக விட்டாங்க. இவங்க ஒண்ணுக்குப் பட்டுப் போத்தி அழறாங்க. ரெண்டு பேர்ல என் மனசு யார் பக்கம்னு சொல்லவா வேணும்? ஆனா உண்ணிக்குப் பக்தி தெரியாதே.

ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் போட்டேன். ரேஞ்சர் மீட்டிங்ல இருக்காராம். திங்கக்கிழமை வருவாராம். அதுவரைக்கும் யாரும் குரங்கைத் தொடக் கூடாதாம். "நீங்களே வந்து இத்தனை பேர்கிட்டயும் அதைச் சொல்லுங்க சார்"னு வெச்சுட்டேன்.

அப்புறம் வேலாயுதம் அண்ணன்கிட்ட போனேன். "அண்ணே, அடக்கம் பண்ண வேணாம்னு நான் சொல்லலை. நல்லாவே பண்ணுவோம். தப்பு அடிக்கட்டும், தேங்கா உடைங்க. ஆனா சாமியை நான்தான் தூக்குவேன். வேற யாரும் தொடக் கூடாது."

"நீயா? அவரு பிரம்மச்சாரி. பொம்பளை தொடலாமா?"

"நான் எங்கண்ணே தொடுறேன்? கையுறைதானே தொடுது!"

யாரோ களுக்குனு சிரிச்சாங்க. மதினிதான். பூசாரி அண்ணனுக்கும் உதடு துடிச்சுது, அடக்கிக்கிட்டாரு. "சரி, தூக்கு"ன்னாரு.

என்கிட்ட இருந்தது ஒரே ஜோடி நீளக் கையுறை. இன்னொரு ஜோடி இருந்தா இன்னொரு ஆளைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கலாம். பட்டோட சேத்து நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு, தேயிலைக்கு நடுவுல இருக்குற ஒத்தையடிப் பாதையில சுடுகாடு வரைக்கும் நடந்தேன். கனம்னா அப்படி ஒரு கனம். பின்னால எல்லாரும் கொஞ்சம் எட்டவே வந்தாங்க. குழிக்கரையில உக்காந்து காது மடல், கக்கம், இமை எல்லாம் பாத்து உண்ணியை எடுத்துக் குப்பியில போட்டேன். "என்னம்மா பண்றே?"ன்னு பூசாரி அண்ணன் கேட்டாரு. "சாமிக்குப் பேன் பாக்கறேன்"னேன்.

சுண்ணாம்பு கொட்டிப் புதைச்சோம். பட்டையும் மாலையையும் எரிக்கச் சொன்னேன், மூணு தடவை சுத்தி வந்து எரிச்சாங்க. குரங்கைத் தொட்டது சட்டப்படி தப்பு. தப்பாவே இருக்கட்டும். பிடிச்ச உண்ணியில தப்பு இல்லையே, அதுக்கு அனுமதி இருக்கு. குப்பி ஐஸ் பெட்டியில இருக்கு. காலையில மேடத்துக்குப் போயிரும்.


ஜனவரி 19, ஞாயிறு

நேத்துப் போட்டிருந்த துணியை எல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டு அலசினேன். மதினி தலை பாத்துவிட்டாங்க, ஒண்ணும் இல்ல. குளிக்கும்போது வலது முழங்காலுக்குப் பின்னால ஒண்ணு இருந்துச்சு. எள்ளுல பாதி. நல்லா பதிஞ்சிருந்துச்சு. எடுத்துக் குப்பியில போட்டுட்டேன்.

இந்த வேலையில இதெல்லாம் சகஜம். மேடத்துக்குச் சொல்லலை, சொன்னா கத்துவாங்க.


ஜனவரி 23, வியாழன்

காலையில மேடம் போன். குரல்லயே தெரிஞ்சுருச்சு. "வேணி, நீ அனுப்பின உண்ணியில வைரஸ் உண்டு. நல்லா உண்டு." அப்புறம், "உனக்கு சுகந்தானே?"ன்னு கேட்டாங்க. சுகம்தான்னேன்.

ரிசல்ட்டைத் தூக்கிட்டு மாவட்டத் தலைநகர்ல நடந்த சுகாதாரக் கூட்டத்துக்கு ஓடினேன். யாரும் கூப்பிடலை, நானா போய்க் கடைசி நாற்காலியில உக்காந்தேன். பேச விடுற வரைக்கும் ஒத்தக் கால்ல நின்னேன். நிஜமாவே கடைசியில நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "அம்மா, நீங்க நல்ல காரியம் பண்றீங்க. ஆனா இது ஆராய்ச்சி ரிசல்ட். அதுவும் அந்தப்பக்கத்து லேப். உண்ணியில இருக்குன்னு நான் ஊரைப் பீதியாக்க முடியுமா? மனுஷருக்கு வந்திருக்கா? நம்ம எல்லைக்குள்ள ஒரே ஒரு கேஸ் காட்டுங்க. அடுத்த நாளே எண்ணெய் வரும், முகாம் வரும், எஸ்டேட்டை விறகு குடுக்கச் சொல்லி ஆர்டர் வரும்."

"மாரித்துரைன்னு ஒருத்தர் செத்தாரே சார், அவர் மனுஷர் இல்லையா?"

"அவர் அந்தப்பக்கம் இறந்தவர்மா."

வாயில வந்ததை முழுங்கிட்டு வெளிய வந்தேன். அவரு கெட்டவர்னுகூடச் சொல்ல முடியலை. டீ வாங்கிக் குடுத்தாரு. குடிக்க முடியலை, குமட்டுச்சு.

திரும்பி வர்ற பஸ்ல டீசல் நாத்தம். தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. சாப்பாடு வேண்டாம்னு படுத்துட்டேன். டீசல்தான் காரணம்.


ஜனவரி 24, வெள்ளி

இன்னிக்குக் காட்டுக்குப் போகலை. வீட்டுல வேலை இருந்துச்சு.


ஜனவரி 25, சனி

வெளிச்சம் கண்ணைக் குத்துது. ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். இடுப்பு, முதுகு, கெண்டைக்கால் எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. அம்மா மிளகு ரசம் வெச்சுக் குடுத்தாங்க, தங்கலை. பனியில அலைஞ்சதுதான்னு சொன்னேன்.

மதினி வந்து பக்கத்துல உக்காந்து என் முகத்தையே பாத்தாங்க. "வேணி, கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"தூக்கமில்ல மதினி."

"மாரித்துரை அண்ணனுக்கும் இப்படித்தான் செவந்துச்சு."

திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

சரி. எழுதிடறேன். யாரை ஏமாத்த இந்த டைரி? முந்தாநேத்து பஸ்லயே தெரியும். ஞாயித்துக்கிழமை அந்த உண்ணியை எடுத்தப்பவே உள்ளுக்குள்ள ஒண்ணு கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. இது டீசலும் இல்ல, பனியும் இல்ல. பயமா இருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். கத்தலை. அதுதான் இன்னும் பயமா இருக்கு.


ஜனவரி 27, திங்கள்

தாலுகா அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. கையில ஊசி குத்தியிருக்கு, எழுத்து கோணலா வரும். பேசாம படுங்கன்னு நர்சு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. இதை மட்டும் எழுதிட்டுப் படுக்கறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் ஜீப்புல என்னை ஏத்தினாங்க. ஜோசப் ஓட்டினாரு. பின்னால அம்மா மடியில என் தலை. செக்போஸ்ட் முக்குல ரோடு ரெண்டாப் பிரியும். இடது பக்கம் போனா அரை மணி நேரத்துல அந்தப்பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. வலது பக்கம் போனா கொண்டை ஊசி ரோடெல்லாம் இறங்கி இந்தத் தாலுகா ஆஸ்பத்திரி, ரெண்டரை மணி நேரம். முக்குலயே மேடம் அனுப்பின ஆம்புலன்ஸ் விளக்கைச் சுத்தவிட்டுக்கிட்டு நிக்குது.

"ஜோசப் அண்ணே, வலது பக்கம் போங்க"ன்னேன்.

ஜோசப் அண்ணன் பிரேக் போட்டுத் திரும்பிப் பாத்தாரு. காய்ச்சல்ல உளர்றேன்னு நெனச்சிருப்பாரு. போன்ல மேடம். "மோளே, உனக்கென்ன பைத்தியமா? இங்கே ஐ.சி.யூ உண்டு, ரத்தம் உண்டு, எல்லாம் ரெடி. வா!"

"மேடம், அங்க வந்தா நான் உங்க ஆஸ்பத்திரிக் கணக்கு. ஆனா ஆளு வேற ஊரு. இங்க கேட்டா அங்க சேந்தவள்னு சொல்வாங்க. மாரித்துரை அண்ணன் மாதிரி நடுவுல தொங்குவேன். அவங்க கேக்கறது ஒரே ஒரு கேஸ். அது என் உடம்புல இருக்கு. அதை ஓடையைத் தாண்ட விட மாட்டேன்."

"நீ செத்துப்போனா?"

"செத்தாலும் இந்தப்பக்கம்..."

பளார்னு ஒண்ணு விழுந்துச்சு கன்னத்துல. அம்மா. "செத்தாலும் கித்தாலும்னு இன்னொரு தடவை சொல்லு, நானே கொன்னுபோட்டுருவேன்."

அம்மா சிலோன்ல பிறந்தவங்க. பதினோரு வயசுல கப்பல்ல கொண்டாந்து இறக்கினாங்க. அங்க இருந்த வரைக்கும் இந்தியாக்காரின்னாங்க, இங்க இறங்கின நாள்ல இருந்து சிலோன்காரிங்கறாங்க. அதனாலயோ என்னமோ, ஆபீசர், போலீஸ், கங்காணி, யாரைப் பாத்தாலும் அம்மா தலையைக் குனிஞ்சுக்குவாங்க. வாயே திறக்க மாட்டாங்க. அதுக்காக எத்தனை தடவை நான் அவங்ககிட்டக் கோபப்பட்டிருக்கேன்.

அடிச்ச கையாலயே என் நெத்தியைத் தடவினாங்க. ஆம்புலன்ஸ் விளக்கு ஜீப்புக்குள்ள வந்து வந்து போச்சு.

"நிச்சயமா சொல்றியா வேணி? இந்தப்பக்கம் போனா செல்லக்கிளிக்கெல்லாம் எண்ணெய் வருமா?"

"வரும்மா. வர வெப்பேன்."

அம்மா போனை என்கிட்ட இருந்து வாங்கினாங்க. "டாக்டரம்மா, ஆம்புலன்சை எங்க பின்னாலயே வரச் சொல்லுங்க. என் பிள்ளைக்கு ரொம்ப முடியலைன்னா அதுல ஏத்திக்கறேன்"னு சொல்லிட்டு, ஜோசப் தோள்ல தட்டினாங்க. "வலது பக்கம் திருப்புய்யா."

மேடம் சளைச்சவங்க இல்ல. அந்த ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவு எல்லாத்துலயும் எங்க பின்னாலயே வந்துச்சு. அடுத்த மாநிலத்து வண்டி, அனுமதி இல்லாம.

இங்க டூட்டியில இருந்தவர் டாக்டர் இளம்பரிதி. சின்ன வயசு. டெங்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. குரங்கு காய்ச்சலுக்கும் எடுங்கன்னேன்.

"நம்ம பக்கம்தான் கேஸே இல்லையேம்மா."

"எடுக்காததாலதான் இல்ல டாக்டர்."

என் ஈறைப் பாத்தாரு. முழங்காலுக்குப் பின்னால பாத்தாரு. அப்புறம் கையுறையை மாத்திக்கிட்டு அவரே ரத்தம் எடுத்தாரு. "அட்ரஸ் சொல்லுங்க."

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். செம்பாலை எஸ்டேட், நாலாம் டிவிஷன், லைன் வீடு. எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டச் சொன்னேன். படிச்சாரு பாவம், ரெண்டு தடவை.


ஜனவரி 29, புதன்

நான் செல்லக்கிளி. வேணி சொல்லச் சொல்ல எழுதறேன். அவளுக்குக் கண்ணைத் திறந்தா தலை வலிக்குது. என் எழுத்து நல்லா இருக்காது.

ரிசல்ட் வந்துருச்சு. இருக்கு. இந்தப்பக்கத்து கவருமெண்டு லேப்புல இருந்தே சொல்லிட்டாங்க. டாக்டர் தம்பி வந்து சொல்லும்போது அவர் முகம் வாடிப்போச்சு, இவ சிரிக்கறா. ஜெயிச்சுட்டோம் மதினிங்கறா. ராத்திரி மூக்குல ரத்தம் வந்துச்சு, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. இதை எழுத வேண்டாங்கறா. நான் எழுதுவேன்.

இனி அவ சொல்லாதது. திங்கக்கிழமையில இருந்து லைன்ல ஒருத்தரும் ஓடைப் பக்கம் போகலை. வேலாயுதம் அண்ணன் கோயில் பந்தல் மூங்கிலைப் பிரிச்சு வீட்டுக்கு ரெண்டுன்னு எரிக்கக் குடுத்துட்டாரு. சாமியைத் தூக்கினவ பிழைக்கட்டும், பந்தல் அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னாரு. இவளைப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது, அழுகையும் வருது. அன்னிக்கு அவ தூக்கலைன்னா நான்தான் கால்மாட்டுல பிடிச்சிருப்பேன். அதுக்குத்தான் முன்னால போய் நின்னிருந்தேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டுக்கு வந்து மூணு நாளாச்சு. பத்து அடி நடந்தா உக்காரணும். காய்ச்சல் ரெண்டாவது தடவை திரும்பி வரும், தலைக்கு ஏறும், பதினஞ்சு நாள் அசையக் கூடாதுன்னு மேடம் போன்லயே காவல் காக்கறாங்க. வந்தா பாத்துக்கலாம்.

மதினி எழுதின பக்கத்தை இன்னிக்குத்தான் படிச்சேன். கிழிச்சுப் போடலாம்னு நெனச்சேன். போடலை.

சாயங்காலம் அந்தப் பெரிய அதிகாரி ரெண்டு ஜீப்போட லைனுக்கே வந்துட்டாரு. வாசல்ல நாற்காலி போட்டோம். உடம்பு எப்படி இருக்குன்னு நல்லாத்தான் விசாரிச்சாரு. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாரு.

"புஷ்பவேணி, வேலை விஷயமா நீங்க ரெண்டு பக்கமும் போறவங்க. அப்ப உண்ணி அந்தப்பக்கம் கடிச்சிருக்கலாம் இல்லையா? தொற்று ஏற்பட்ட இடம்னு ஒண்ணு எழுதணும். சந்தேகத்துக்கு இடமிருக்குன்னு எழுதினா உங்களுக்கும் ஒண்ணும் நஷ்டமில்ல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. எந்திரிக்கப் பாத்தேன், கால் ஒத்துழைக்கலை. வாயைத் திறக்கறதுக்குள்ள கதவுப் பக்கம் இருந்து ஒரு குரல்.

"இவளையும் இழுத்து அந்தப்பக்கம் போடப் போறீங்களா ஐயா?"

அம்மா. தலை குனியலை. காபி டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு அதிகாரி கண்ணையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"குரங்குன்னா இழுக்கலாம். அதுக்கு வாய் கிடையாது. எங்களை ஒரு தடவை கப்பல்ல ஏத்தி இழுத்துப் போட்டீங்க, வாய மூடிக்கிட்டு வந்தோம். இனி நகர மாட்டோம். கோயில் வாசல்ல விழுந்த குரங்கு, எங்க சுடுகாட்டுல இருக்கு. வேணும்னா தோண்டிப் பாருங்க. என் மகளுக்குக் காய்ச்சல் இந்த வீட்டுல வந்துச்சு. அப்படியே எழுதுங்க."

வாசல் முழுக்க ஆளு. எப்ப வந்தாங்கன்னு தெரியலை. பூசாரி அண்ணன், ஜோசப், மாரித்துரை அண்ணன் சம்சாரம் ரெண்டு பிள்ளைங்களோட. கொஞ்சம் தள்ளி, காக்கிச் சட்டையில சிவனாண்டி நின்னாரு. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு அவரே முன்னால வந்தாரு. "சார், முதல் குரங்கும் இந்தப்பக்கம்தான் கிடந்துச்சு. அதை நகத்தினது நான்தான்."

அதிகாரி அவரைப் பாத்தாரு, அம்மாவைப் பாத்தாரு. பேனாவை எடுத்தாரு. என்ன எழுதினாருன்னு நான் எட்டிப் பாக்கலை. ஜோசப் அண்ணன் அவர் முதுகுப் பக்கமா நின்னு வாசிச்சுட்டு என்னைப் பாத்துத் தலையாட்டினாரு.

அவர் போனதும் அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. டம்ளர் இன்னும் கையிலயே இருக்கு. "காபியைக் குடுக்க மறந்தே போயிட்டேன்டி"ன்னாங்க.


பிப்ரவரி 11, செவ்வாய்

எண்ணெய் வந்துருச்சு. பெட்டி பெட்டியா. எஸ்டேட் லாரியில விறகும் கொண்டாந்து லைன் முக்குல கொட்டிட்டுப் போனான், முறைச்சுக்கிட்டே. கோயில்ல காய்ச்சல் முகாம். மூணு பேருக்கு ரத்தம் எடுத்திருக்காங்க, அதுல ஒண்ணு மாரித்துரை அண்ணனோட மூத்த பிள்ளை. நேரத்தோட பிடிச்சாச்சு, பிழைச்சுக்குவான்னு டாக்டர் இளம்பரிதி சொன்னாரு.

கொளுந்துக் காட்டுக்குப் போறதுக்கு முன்னால மதினி வாசல்ல உக்காந்து கை, கால், கழுத்துன்னு அந்த எண்ணெயை அப்பிக்கிட்டாங்க. மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "த்தூ, இதுக்கா நீ சாகக் கிடந்தே?"ன்னாங்க. அப்புறம் அம்மாவைப் பிடிச்சு உக்கார வெச்சு அவங்க காலுக்கும் தடவிவிட்டாங்க. பக்கத்து வீட்டுலயும் தடவுறாங்க, எதிர் வரிசையிலயும் தடவுறாங்க.

நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு நாத்தம். லைன் மொத்தமும் நாறுது. நல்லா நாறட்டும்.